மாப்பிள்ளை சம்பா கஞ்சி குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

26 மே 2024, கேள்வி

"மயிலாடுதுறைப் பக்கம். வயது 26. பிப்ரவரியில் கொலனாஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி, என்றார்கள். மெசலமைன் மாத்திரை எடுக்கிறேன். ரத்தம் நின்றுவிட்டது, இப்போது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் போகிறேன். எங்கள் பெரியப்பா, ஒரு மண்டலம் மாப்பிள்ளை சம்பாக் கஞ்சியும் பழைய சோறும் மட்டும் சாப்பிட்டால் குடல் தானாக ஆறிவிடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார். திருத்துறைப்பூண்டி வரை போய்ப் பத்துக் கிலோ அரிசியும் வாங்கி வந்துவிட்டார். சாப்பாட்டை வைத்தே சமாளிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன சாப்பிடுகிறீர்கள் அண்ணா?"

26 மே, இரவு

நிறுத்தாதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கும் அதே வியாதிதான், 2013-லிருந்து. நீடாமங்கலம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. பதினொரு வருடமாக என் வயிற்றோடு நானே நடத்திய பஞ்சாயத்துகளைத்தான் சொல்ல முடியும்.

மாப்பிள்ளை சம்பா நல்ல அரிசி. ஆனால் குடல் புண்ணாகி இருக்கும்போது அதைச் சாப்பிடுவது, உரிந்த தோலில் கோரைப்பாயைத் தேய்ப்பது போல. தவிடு அப்படியே இருக்கும் சிவப்பரிசி அது. நோய் கிளம்பியிருக்கிற நாளில் எனக்கு வெள்ளைப் புழுங்கலரிசியைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சி, இட்லி, தோல் சீவி விதை எடுத்த சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய்க் கூட்டு, அவித்த முட்டை, காரமில்லாமல் வைத்த விரால் மீன், கடைந்த மோர், நன்றாகப் பழுத்த பழம். அவ்வளவுதான். சத்துக் குறைவு, சலிப்பு அதிகம். ஆனால் தாங்கும்.

நோய் அடங்கியிருக்கும் நாளில் இந்தப் பட்டியலிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. அதுவும் நான் செய்த தப்புதான். 2014 முழுக்க இட்லியிலேயே ஓட்டி எடை ஒன்பது கிலோ குறைந்தேன். குறைத்தது வியாதி இல்லை, என் பயம்.

27 மே

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வியாதியின் பேரை ஊரில் சொல்லும்போது ஜாக்கிரதையாகச் சொல்லுங்கள். "அல்சரேட்டிவ்" என்று ஆரம்பித்தால் "அல்சர்" என்பது வரைக்கும்தான் எதிரில் இருப்பவர் காதில் விழும். உடனே மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், "நேரத்துக்குச் சாப்பிடு" என்று மூன்று வைத்தியம் வரும். இரைப்பைப் புண் வேறு, இது வேறு. நமக்கு வருவது பெருங்குடலில். ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இடைவெளி விடாமல் மேலே ஏறிக்கொண்டு போகிற அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைப் பகையாளியாக நினைத்துக்கொண்டு செய்கிற வேலை. இதன் பங்காளி கிரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும், விட்டுவிட்டும் வரும், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். பரீட்சை என்றால் வயிறு கலக்கும் ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறு மூன்றாவது கேஸ். அதில் புண்ணும் இல்லை, ரத்தமும் இல்லை.

என் அத்தை இன்றுவரை என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மணத்தக்காளி வற்றல் கொண்டுவருகிறார். நல்ல வற்றல். குழம்பு வைக்கிறோம்.

2 ஜூன்

சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டிருந்தீர்கள். நோட்டுப் போட்டேன். கடையில் மோட்டார் வந்த தேதி, எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எழுதுகிற அதே மாதிரி நீள நோட்டு. இடது பக்கம் சாப்பிட்டது, நேரத்தோடு. வலது பக்கம் எத்தனை தடவை, ரத்தம் உண்டா, சளி உண்டா, இரவில் எழுப்பியதா. கடைசிக் கட்டத்தில் தூக்கம், கோபம், கரண்ட் கட்.

முதல் ஆறு மாத நோட்டு முழுக்கப் பொய். நான் பொய் எழுதவில்லை, படித்த விதம்தான் பொய். காலையில் கெட்டுப்போனால் ராத்திரி சாப்பிட்டதைப் பிடித்து ஜெயிலில் போடுவேன். உள்ளே போனது வெளியே வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. இப்படியே புளி, தக்காளி, கத்திரிக்காய், கோதுமை, முட்டை என்று நிரபராதிகளாகப் பார்த்துப் பார்த்து நாடு கடத்தினேன். ஒரு கட்டத்தில் தட்டில் சோறும் உப்பும் நானும்தான் மிச்சம்.

பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். உடம்பு அமைதியாக இருக்கும் வாரத்தில், ஒரே ஒரு பொருளை, கொஞ்சமாக, மூன்று தடவை, மூன்று நாள் இடைவெளியில். மூன்று தடவையும் கலாட்டா செய்தால்தான் தண்டனை. அப்படிப் பார்த்ததில் புளிக்கு விடுதலை. தக்காளிக்கும் விடுதலை. கத்திரிக்காய் மேல் வழக்கே இல்லை. கும்பகோணத்துக் கடப்பா, சொல்லவே மனசு வரவில்லை, குற்றவாளி. கடப்பாவில் எது என்று பிரித்துப் பார்த்ததில், பாசிப்பருப்பும் உருளையும் சும்மா இருந்தன, வெங்காயமும் பூண்டும்தான் வேலை செய்தன. மொச்சைக்கு ஆயுள் தண்டனை. கொய்யா விதையோடு கூடாது, விதை எடுத்தால் பரவாயில்லை. பச்சை மிளகாய் வரமிளகாயை விட மோசம், எனக்கு.

இந்த "எனக்கு" என்பதை ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் இதே வியாதிக்காரர் ஒருவரைத் தெரியும். மொச்சைக் குழம்பு இல்லாமல் அவருக்குச் சனிக்கிழமை விடியாது. தயிர் தொட்டால் தொலைந்தார்.

2 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என் மச்சான் கேட்கிறான். கேட் மூடி, இஞ்சின் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும்போது பஸ்ஸுக்குள் இந்த வியாதியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு நேரம் என்பது என்ன என்று தெரியும். தஞ்சாவூர் போகும் நாளில் காலையில் வெறும் இட்லி இரண்டு, காபி கிடையாது. இது உணவு முறை இல்லை, கேட் முறை.

12 ஜூன்

இன்றைக்கு மேட்டூர் திறந்திருக்க வேண்டிய நாள். தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. கடையில் போர் மோட்டார் வேலை குவிகிறது. குறுவை போட்டவர்கள் எல்லாம் மோட்டாரை விட்டால் கதியில்லை என்று ஓட விடுகிறார்கள், எரிகிறது, தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாப்பிட நேரமில்லாத மாதம் இதுதான். அப்படிப்பட்ட மாதத்தில்தான் சாப்பாட்டை விட நேரமும் தூக்கமும் பெரிசு என்று தெரிகிறது. நோட்டின் கடைசிக் கட்டத்தை முதல் கட்டமாக வைத்திருக்க வேண்டும்.

காபி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். டிகிரி காபியில் இரண்டு ஆள் ஒளிந்திருக்கிறார்கள். ஒன்று டிகாக்‌ஷன், குடலைத் தட்டி எழுப்பும், ஆரோக்கியமானவனுக்கே எழுப்பும். இன்னொன்று பால். நம் பக்கத்தில் பெரியவர்கள் நிறையப் பேருக்குப் பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைவு. தயிராகும்போது கிருமிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாதவனுக்கும் மோர் ஒத்துக்கொள்கிறது. எனக்கு வில்லன் பால். இப்போது சாயங்காலம் நாலு மணிக்கு, கடையை விட்டு எங்கும் போகாத நேரத்தில், அரை டம்ளர். டபராவில் ஆற்றும்போதே பாதி சந்தோஷம் கிடைத்துவிடுகிறது.

19 ஜூன்

பழைய சோறு. இதற்கு நான் விரோதி இல்லை. ராத்திரி ஊறிய சோற்றில் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்கே நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை இந்த வியாதிக்காரர்களுக்குக் கொடுத்து ஆய்வு செய்வதாகச் செய்தி வந்தபோது எங்கள் தெருவில் ஆறு பேர் எனக்கு அதை அனுப்பினார்கள். டெல்லி எய்ம்ஸில் 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நன்கொடையாளர் மலத்தைக் குடலில் ஏற்றுவதோடு அழற்சி குறைக்கும் உணவும் கொடுத்து, லேசான, நடுத்தர நோயில் பலன் கண்டதாகச் சொல்கிறது. ஆக, சாப்பாட்டுக்கு வேலையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பழைய சோறு என்றால் சுத்தமான தண்ணீர், மூடிய பானை, காலையிலேயே சாப்பிடுவது. சித்திரை வெயிலில் மதியம் வரை வைத்திருந்த பானை வேறு வியாதியைக் கொண்டுவரும். ஸ்டீராய்டும் அசாதையோபிரினும் சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது, எதிர்ப்புச் சக்தியை அவை அடக்கி வைத்திருக்கும்.

நானும் பழைய சோற்று ஆள்தான். 2018-ல் ஆறேழு மாதம் ரொம்ப நன்றாக இருந்தேன். கஜா புயல் வந்துதான் கெடுத்தது. நவம்பர் 16 விடியற்காலை அடித்தது. எங்களுக்குப் பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. கொல்லையில் இருந்த பதினாலு தென்னையில் மூன்றுதான் நின்றது. மெடிக்கல் மூடிக் கிடந்தது, மாத்திரை கிடைக்கவில்லை, நல்ல தண்ணீரும் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதினாறு தடவை, ரத்தத்தோடு. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தேன். பிறகு மூன்று மாதம் ஸ்டீராய்டு. முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. ஊரில் எல்லோரும் "உடம்பு தேறிட்டியே மாப்ளே" என்றார்கள்.

30 ஜூன்

மஞ்சள். எல்லோரும் கேட்பது. 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. மெசலமைன் எடுத்தும் அடங்காத ஐம்பது பேரை இரண்டாகப் பிரித்து, மாத்திரையை நிறுத்தாமல், ஒரு கூட்டத்துக்குக் குர்குமின் தினம் 3 கிராம், இன்னொரு கூட்டத்துக்கு வெற்று மாத்திரை. ஒரு மாதத்தில் குர்குமின் கூட்டத்தில் பாதிக்கு மேல் அடங்கியது, மற்றதில் ஒருவருக்கும் இல்லை. கேட்டதும் நான் குதித்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 3 கிராம் வேண்டுமென்றால் 100 கிராம் மஞ்சள் தூள். தினம். குழம்பில் நாம் போடுவது அரை ஸ்பூன். மூன்று மாதத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கான மஞ்சளைத் தின்று தீர்க்க வேண்டியிருக்கும்.

"மாத்திரையை நிறுத்தாமல்" என்பதையும் கவனியுங்கள். பெரியப்பாவிடம் சொல்லும்போது அந்தச் சொல்தான் முதலில் காணாமல் போகும்.

7 ஜூலை

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா, பையனுக்குப் பதினாலு வயது, கிரோன் என்கிறார்கள், முதலில் ஒன்பது மாதம் டிபி மருந்து கொடுத்தார்களே, டாக்டர் தப்புச் செய்துவிட்டாரா என்று கேட்கிறார். இல்லை அம்மா. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் காசநோயும் கிரோனும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். நம் நாட்டில் டிபி அதிகம், அதனால் சந்தேகம் இருந்தால் முதலில் டிபி மருந்து கொடுத்து ஆறுகிறதா என்று பார்ப்பது நடப்பதுதான். டிபி இருக்கும்போது கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து.

சாப்பாட்டு விஷயத்தில் உங்கள் பையனுக்கு என்னை விட வழி அதிகம். குழந்தைகளின் கிரோனில், ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் கொடுக்காமல் சத்துப் பானம் மட்டும் கொடுத்து அழற்சியை அடக்குவது முதல்தரச் சிகிச்சையாகவே இருக்கிறது. சாப்பாடே மருந்தாகிற இடம் அது. ஆனால் டாக்டரும் உணவியல் நிபுணரும் கூட இருந்து செய்வது. கடையில் வாங்கிய பவுடரை வீட்டில் கலக்கி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

குடல் எங்காவது சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்களா? சொல்லியிருந்தால் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பலாச்சுளை நார் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அடைத்துக்கொள்ளும். "வாழைத்தண்டு குடலைச் சுத்தம் செய்யும்" என்று எந்த வீட்டிலும் ஒருவர் சொல்வார். சுருங்கிய குழாயில் கயிற்றை விட்டுச் சுத்தம் செய்கிற கதை.

அப்புறம், கிரோன் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருந்தால் பி12 சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

7 ஜூலை, இரவு

பாக்கெட் தீனி பற்றியும் அந்த அம்மா கேட்டிருந்தார், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஐஸ்கிரீம், கிரீம் கேக் உறையில் 433, 466 என்ற எண்கள் இருந்தால் அவை பாலிசார்பேட் 80-உம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பவை. 2015-ல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குடலின் சளிப் படலம் மெலிந்து அழற்சி கூடியது. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனாலும் என் மகள் ஐஸ்கிரீம் உறையைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்குத் தராமல் சாப்பிடுகிறாள்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. ஜூலை 28-ல்தான் மேட்டூரைத் திறந்தார்கள். வெண்ணாற்றில் புதுத் தண்ணீர், கலங்கல். படித்துறையில் கூட்டம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, காப்பரிசி. காப்பரிசி ஊறவைத்த பச்சரிசியும் வெல்லமும், வேகாதது, எனக்கு ஆகாது என்று தெரியும். அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். தின்றேன். எண்பது வயதில் அவர் ஆற்றங்கரையில் கொடுப்பதை நோட்டில் சரிபார்த்துவிட்டுத் தின்ன முடியாது.

4 ஆகஸ்ட்: ஒன்றும் ஆகவில்லை. 5 ஆகஸ்ட்: ஒன்றும் ஆகவில்லை. காப்பரிசி மேல் பத்து வருடமாக இருந்த வழக்கு தள்ளுபடி.

18 ஆகஸ்ட்

ஒன்றைத் திருத்த வேண்டும். ஜூன் 19 அன்று கஜாவைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன்.

நெல் குதிர் ஒன்றை நகர்த்தும்போது 2018 நோட்டு கிடைத்தது. பாதிப் பக்கம் கரையான். மிச்சத்தைப் படித்தேன். என் கையெழுத்தில், ஆகஸ்ட் 17, அடிக்கோடு போட்டு: "ஆவணி 1. இன்று முதல் மாத்திரை இல்லை. மா.ச. கஞ்சி காலை, ப.சோறு மதியம்." மா.ச. என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் முழுக்க "நன்று", "நன்று", "மிக நன்று". அக்டோபர் 9: "சளி. நேற்றைய கருவாடு?" அக்டோபர் 15: "சளி. கொலு சுண்டல்?" அக்டோபர் 28: "ரத்தம், கொஞ்சம். மூலம் இருக்கலாம்." நவம்பர் 5: "ரத்தம். தீபாவளி எண்ணெய்ப் பலகாரம்?" தீபாவளியே மறுநாள்தான். இன்னும் சாப்பிடாத பலகாரத்தின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

கஜா வந்தது நவம்பர் 16. மெடிக்கல் மூடியிருந்தது உண்மை. ஆனால் திறந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன், மூன்று மாதமாகவே போகவில்லை. ஆறு வருடமாக இந்தக் கதையை டாக்டரிடம், மச்சானிடம், இங்கே உங்களிடம் எல்லாம் புயல் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். வேண்டுமென்று சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அப்படியே ஞாபகமாகிவிட்டது. என் வீட்டில் கேட்டேன். "உங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்றாள்.

ஆக, தம்பி, நான்தான் அந்தப் பெரியப்பா. அரிசி மேல் தப்பில்லை. நெல் ஜெயராமன் போன்றவர்கள் அந்த விதைகளை அழியாமல் காப்பாற்றிக் கொடுத்தது நிலத்துக்கும் தட்டுக்கும். அதை மாத்திரைப் பெட்டிக்குள் கொண்டுபோனது என்னைப் போன்றவர்கள்.

19 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த "மிக நன்று" ஏன் அவ்வளவு நாள் வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. மாத்திரையின் பலன் நிறுத்திய அன்றே போய்விடுவதில்லை. ஆறியிருந்த குடல் மறுபடி கெட வாரமும் ஆகும், மாதமும் ஆகும். அந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பேர் கிடைக்கும். நான் அந்த மூன்று மாதம் பரோட்டா தின்றிருந்தால் பரோட்டா வைத்தியம் என்று எழுதியிருப்பேன்.

இன்னொன்று, வயிறு சொல்வதும் குடல் சொல்வதும் வேறு வேறு. வெங்காயம் எனக்கு உப்புசம் கொடுக்கிறது, அழற்சி கொடுப்பதில்லை. அமைதியாக இருக்கிறது என்று நான் நினைத்த நாளில் உள்ளே புகைந்துகொண்டிருந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் மலத்தில் கால்புரொடெக்டின் பரிசோதனை. வெள்ளணுக்கள் குடலுக்குள் வந்து சண்டை போட்டால் அந்தப் புரதம் கூடும். 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் சண்டை நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். நோட்டுக்கு என்னிடம் பொய் சொல்லத் தெரியும். இதற்குத் தெரியாது.

5 செப்டம்பர்

ஆவணி முகூர்த்தம், வாரத்துக்கு இரண்டு பந்தி. இலையில் வைக்காதே என்று சொல்லவும் கூடாது, வைத்ததை மிச்சம் வைக்கவும் கூடாது. என் வழி: முதல் பந்தியில் உட்கார மாட்டேன். பரிமாறுகிற பையன்கள் களைத்திருக்கும் மூன்றாம் பந்தி, ஓர நாற்காலி. "சாம்பார் வேண்டாம் தம்பி, ரசமும் மோரும் போதும்" என்றால் அவனுக்கும் சந்தோஷம்.

போன வாரம் மறுபடி கலக்கம். முகூர்த்தச் சாப்பாட்டின் மேல்தான் என் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். ஆனால் நோட்டில் இருக்கிறது: 15 எச்பி மோட்டாரைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் வலி மாத்திரை நாலு நாள் விழுங்கியிருக்கிறேன். டைக்ளோஃபினாக். இந்த வகை வலி மாத்திரைகள் நம் வியாதியைக் கிளப்பிவிடக் கூடும், டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். வாயில் போட்டதையெல்லாம் சாப்பாட்டுக் கட்டத்தில் எழுத வேண்டும், அதை நான் எழுதியிருந்தது "உடம்பு வலி" கட்டத்தில்.

கேட்காமலே இன்னொன்று: நான் சிகரெட்டை விட்டது 2012, வியாதி வந்தது 2013. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் சிகரெட்டை விட்டவர்களுக்கு வருவது கூடுதல் என்பது உண்மையாகவே பதிவான விஷயம். இதைக் கேட்ட மாமனார், "அப்பவே சொன்னேன் விடாதீங்கன்னு" என்றார். கிரோனை அதே சிகரெட் இன்னும் மோசமாக்கும். மறுபடி பற்றவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், பாதி விளையாட்டாக. அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

22 செப்டம்பர்

மயிலாடுதுறைத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். கால்புரொடெக்டின் பிப்ரவரியில் 900-க்கு மேல், இப்போது 118. நல்ல செய்தி. கூடவே, மாத்திரை பெரிதாக இருக்கிறது, அம்மா அதைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார், சரியா என்று ஒரு கேள்வி.

பொடிக்காதீர்கள்! அந்த மாத்திரையின் மேல்பூச்சு பெருங்குடல் பக்கம் போனபிறகு கரைகிற மாதிரி செய்தது. மருந்து வேலை செய்வது குடல் சுவரின் மேலேயே. மேலே பொடித்துவிட்டால் பாதி வழியிலேயே ரத்தத்தில் கலந்துவிடும், புண் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், குருணை வடிவிலும் கிடைக்கிறது. இவ்வளவு நாள் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

2 நவம்பர்

தீபாவளி முடிந்தது. லேகியம் ஒரு சுண்டைக்காய் அளவு, அதிரசம் ஒன்று, திருவையாற்று அசோகா இரண்டு ஸ்பூன். மூன்று நாள் ஆகிவிட்டது, நிம்மதி.

வருகிற வாரம் எனக்குக் கொலனாஸ்கோபி. வியாதி வந்து எட்டு வருடம் தாண்டினால் புற்றுநோய் எட்டிப் பார்க்கிறதா என்று இடைவெளி விட்டுப் பார்க்கவேண்டும், எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசம், அப்புறம் அந்தப் பொடி கரைத்த தண்ணீர். அதன் ருசியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அன்று மட்டும் பஸ் கிடையாது, கேட் கிடையாது.

11 நவம்பர்

முடிந்தது. கடைசி இருபது சென்டிமீட்டரில் லேசான சிவப்பு, மற்றதெல்லாம் சுத்தம். திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, பச்சை மிளகாய் போடாதது.

தம்பி கேட்கிறார்: பெரியப்பா வாங்கிய பத்துக் கிலோ மாப்பிள்ளை சம்பா அப்படியே இருக்கிறது, வண்டு விழுந்துவிட்டது, என்ன செய்வது? நல்ல வெயிலில் பரப்பிப் புடைத்து எடுங்கள். ஊறவைத்து இடித்துப் புட்டு செய்யச் சொல்லுங்கள், தேங்காயும் வெல்லமும் தாராளமாகப் போட்டு. முதல் தட்டைப் பெரியப்பாவுக்குக் கொடுங்கள். நீங்கள் ஒரு கைப்பிடி, மூன்று நாள் இடைவெளியில், மூன்று தடவை.